துடைப்ப பஸ்ஸுக்கு முன்னால்

என் பெண்டாட்டி என் பஸ்ஸில் ஏறிவிடக் கூடாது. இந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே கவலை அதுதான்.

தப்பாக நினைக்க வேண்டாம். நான் டவுன் பஸ் டிரைவர். வருஷத்தில் ஒரு நாள், ஊரில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடக்கும்போது, எல்லோருக்கும் பின்னால் ஒரு காலி பஸ்ஸை உருட்டிக்கொண்டு போவது என் டியூட்டி. முடியாமல் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஓடுகிறவர்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் துடைப்பம். முன்சக்கரம் ஒருவரைத் தாண்டிவிட்டால் அவ்வளவுதான், அவர் போட்டியில் இல்லை.

போன வருஷம் அந்தத் துடைப்பத்தில் கடைசியாக ஏறியவள் என் பெண்டாட்டி. வழியில் ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்குமே என்று பயந்து, தண்ணீரே குடிக்காமல் ஓடியிருக்கிறாள். பாதி தூரம் தாண்டியதும் நாக்கு வறண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்தான் கதவைத் திறந்தேன். என் பின் சீட்டில் உட்கார்ந்தவள் வீடு வரும் வரை வாயைத் திறக்கவில்லை. பேக்கரியில் அடுப்பு முன்னால் நிற்கிறவள் அவள். அந்தச் சூடு பேச்சிலும் இருக்கும். அப்படிப்பட்டவள் பேசாமல் வருவதைக் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

"அடுத்த வருஷம் உங்க பஸ் கதவு எனக்காகத் திறக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அப்புறம் வருஷம் பூராவும் ஓட்டம்தான். வேலைக்கு ஓடியே போனாள், ஓடியே வந்தாள். அவளுடைய கறுப்பு ஏப்ரனைத் துவைப்பது எங்கள் வீட்டில் என் பங்கு. தினமும் அதில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். பேக்கரிக்காரி, மாவு ஒட்டாமல் வேறென்ன ஒட்டும் என்று நான் பாட்டுக்கு உதறித் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். புத்திசாலி என்று எனக்கு நினைப்பு வேறு.

இந்த வருஷப் பந்தயத்துக்கு நானே களத்தில் இறங்கினேன். ஓடுகிற பாதை என் ரூட்தான், ஒவ்வொரு ஸ்டாப்பும் எனக்கு அத்துப்படி. ஸ்டாப்புக்கு ஒரு சொந்தக்காரரைப் பாட்டிலும் கையுமாக நிறுத்தினேன். மாமனார், சித்தப்பா, கீழ்வீட்டு டெய்லர், பெட்ரோல் பங்க் ஸ்டாப்பில் என் கொழுந்தியா. எல்லோருக்கும் ஒரே உத்தரவு: வேண்டாம் என்றாலும் விடக் கூடாது, குடித்து முடிக்கும் வரை கூடவே ஓட வேண்டும். தாகம் என்ற பேச்சே அவள் வாயில் வரக் கூடாது.

பந்தயத்தன்று வெயில் காலையிலேயே காய ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் பந்தயக் கமிட்டி ஆள் ஒருவர் இருந்தார். கழுத்தில் விசில், கையில் கடிகாரம். நான் மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் விசில். என் பெண்டாட்டி ஓடுகிறாள் என்று தெரிந்ததிலிருந்து அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போக வேண்டிய வேகம் எழுதி வைத்தது, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பின்னால் முதலுதவிக்கு ஒரு நர்ஸம்மா. ஒரு எடை மெஷின், ஒரு ஃபிளாஸ்க், ஒரு பெரிய பை. கூரையில் அறிவிப்புக்காக ஒலிபெருக்கி கட்டி, மைக்கை என் தலைக்கு மேல் தொங்கவிட்டிருந்தார்கள்.

முதல் ஸ்டாப்பில் மாமனார் காலிப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். முழுசாகக் குடித்துவிட்டாளாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் சித்தப்பா இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு பாட்டிலாம். டெய்லர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். அவள் மறுத்தும் விடாமல், அடுத்த திருப்பம் வரை துரத்திக்கொண்டே போய்க் குடிக்க வைத்தாராம். ஆள் என்றால் ஆள். ஸ்டாப் தாண்டத் தாண்ட எனக்கு வாயெல்லாம் பல். ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த இரண்டு ஓட்டக்காரர்களிடமும் என் ஏற்பாட்டைப் பீற்றிக்கொண்டேன்.

பின்னாலிருந்து நர்ஸம்மா எழுந்து வந்தார். இந்த மாதிரி எத்தனை ஸ்டாப்பில் ஆள் நிறுத்தியிருக்கிறேன் என்று கேட்டார். எல்லா ஸ்டாப்பிலும் என்றேன். உப்பு ஏதாவது சேர்த்ததா, வெறும் தண்ணீரா என்றார். சுத்தமான தண்ணீர், காய்ச்சி ஆற வைத்தது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அவர் முகம் மாறிப்போனது.

அந்த நேரம் பார்த்து அவள் கண்ணில் பட்டாள். எல்லோருக்கும் கடைசியில், கால் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக நடந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். கறுப்பு பனியனின் முதுகு முழுக்க வெள்ளைக் கோடுகள். அதே ஏப்ரன் கோடுகள். தார் ரோட்டில் ஏது மாவு?

"அது உப்பு," என்றார் நர்ஸம்மா. "வியர்வையில உப்பும் சேந்து போகுது. நீங்க தண்ணிய மட்டும் ஊத்திக்கிட்டே இருக்கீங்க. ரத்தத்துல உப்பு நீர்த்துப்போச்சுன்னா ஆளுக்கே ஆபத்து, சார்."

விசில் கடிகாரத்தைப் பார்த்து, ஆட்களை ஏற்ற ஒதுக்கியதில் கொஞ்ச நேரம் கையில் இருக்கிறது, நிறுத்தலாம் என்றார். நிறுத்தினேன். நர்ஸம்மா எடை மெஷினோடு இறங்கினார். காலையில் எல்லோருக்கும் எடை பார்த்து, மார்பில் குத்திய நம்பருக்குக் கீழே எழுதியிருந்தார்கள். இவளை ஏற்றிப் பார்த்தால், காலையில் இருந்ததைவிட ஒன்றரைக் கிலோ கூட. இவ்வளவு தூரம் ஓடி எடை கூடியவளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். விரலெல்லாம் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றாள். நர்ஸம்மா பெயர் கேட்டார், கிழமை கேட்டார், எங்கே நிற்கிறோம் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். கடைசியாக, பஸ்ஸில் இருக்கிறவர் யார் என்று கேட்டதற்கு, நான் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னாள். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்றார் நர்ஸம்மா.

எனக்குத் தாங்கவில்லை. வருஷம் பூராவும் உழைத்தவளை நானே குடிக்கக் கொடுத்துக் கவிழ்த்துவிட்டேனே. பந்தயமாவது ஒன்றாவது என்று கதவைத் திறந்துவிட்டேன்.

"ஏறிடும்மா. போதும். தப்பு என் பேர்ல."

அவள் படிக்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கதவ மூடு."

கோபம் தலைக்கேறினால்தான் எனக்கு மரியாதை குறையும். அவளுக்குத் தெம்பு இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

நர்ஸம்மா இரண்டு பக்கமும் பேசவில்லை. ஃபிளாஸ்கைத் திறந்து, கரிக்கக் கரிக்க உப்புப் போட்ட கெட்டி சூப்பைச் சின்னக் கப்பில் ஊற்றிக் கொடுத்தார். இனி ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, உள்ளே போனது வெளியே வர வேண்டும், அது வரை நடைதான். பேச்சு குழறினாலோ வாந்தி எடுத்தாலோ மறுபேச்சு இல்லாமல் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஊர்ந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. முன்னால் இன்னும் மூன்று ஸ்டாப் இருக்கிறது. மூன்றிலும் என் ஆட்கள், பாட்டிலோடு, விடாதே என்ற உத்தரவோடு. எல்லாரிலும் மோசம் என் கொழுந்தியா. அக்காவைத் தரையில் படுக்க வைத்தாவது வாயில் ஊற்றிவிட்டுத்தான் விடுவாள். எம்பி மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் கேளுங்க. தண்ணி கொடுக்காதீங்க. என் பெண்டாட்டிக்கு யாரும் தண்ணி கொடுக்காதீங்க. உப்பு பிஸ்கட் இருந்தா கொடுங்க."

தெருவே திரும்பிப் பார்த்தது. ஜன்னல்கள் திறந்தன. கட்டிய பெண்டாட்டிக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று ஊரைக் கூட்டிச் சொல்கிற பாவியைப் பார்க்க ஒரு கூட்டம் கூடிவிட்டது. விசில் என் கையைப் பிடித்தார். ஓடுகிறவருக்கு டிரைவர் உதவி செய்யக் கூடாது என்பது விதி. நான் உதவியா செய்கிறேன், உதவி செய்யாதீர்கள் என்றுதானே சொல்கிறேன் என்றேன். அவர் யோசித்தார். அதைத் தடுக்கிற விதி எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு, பிஸ்கட் பேச்சை மட்டும் விட்டுவிடச் சொன்னார். விட்டேன். ஆனால் கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டார்கள். எங்கிருந்தோ ஒரு பொட்டலம் உப்புக்கடலை வந்தது, ஒரு கடைக்காரர் பிஸ்கட் பாக்கெட்டோடு ஓடி வந்தார். நர்ஸம்மா ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்க, இவள் நடந்துகொண்டே கொறித்தாள்.

பெட்ரோல் பங்க் ஸ்டாப்பில் கொழுந்தியா பாட்டிலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்தாள். நான் மைக்கில் அவளை முறை சொல்லிக் கூப்பிட்டு மூடியைப் போடச் சொன்னேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ரோட்டுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரைத் தானே மடக் மடக்கென்று குடித்தாள். அதற்குள் என் பெண்டாட்டி நர்ஸம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, பங்க் கழிப்பறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கையில் இருந்த நேரம் தீர்ந்துவிட்டது, இனி பஸ் நிற்கக் கூடாது என்றார் விசில். சக்கரம் உருண்டது. பங்கின் வாசல் நெருங்கியது. அவள் வெளியே வருவதற்குள் முன்சக்கரம் அந்த வாசலைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது. பிரேக்கைத் தொடவா வேண்டாமா என்று என் கால் தவித்தது. தொட்டு அவளை ஜெயிக்க வைத்தால் அவள் என்னை மன்னிக்க மாட்டாள் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு காலை அசைக்காமல் வைத்திருந்தேன். உள்ளே ஏறியிருந்த இரண்டு பேரும் எழுந்து வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். விசிலும் கடிகாரத்தை மறந்து எட்டிப் பார்த்தார். கழிப்பறைக் கதவுக்கு வெளியே கொழுந்தியா, அக்கா, அக்கா என்று தட்டிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. தொப்பி கோணலாக, ஷூ கயிறு அவிழ்ந்து, என் பம்பருக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தாள். ஆமாம், பாய்ந்தாள். தலை நிமிர்ந்திருந்தது, முகத்தில் பழைய களை வந்திருந்தது. நர்ஸம்மா இரண்டு எட்டு கூட ஓடிப் பார்த்துவிட்டு, கைகாட்டி அவளை முன்னால் போகவிட்டு, ஊர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

அப்புறம் அவளை நான் பிடிக்கவே முடியவில்லை. நடந்தாள், ஓடினாள், மறுபடி நடந்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, ஹாரனை அடித்துத் தள்ளினேன். விசில் என்னைத் தடுக்கவில்லை. தன் விசிலை எடுத்து அவரும் ஊதினார். இறுதிக் கோட்டை அவள் தாண்டியதை நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். கண் கலங்கியதால் அதுவும் சரியாகத் தெரியவில்லை.

நான் பஸ்ஸை ஓரம் கட்டியபோது, மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஸ்டாப்பில் பயணி மாதிரி கையைக் காட்டினாள். கதவைத் திறக்கவா என்று சைகையில் கேட்டேன். தலையாட்டினாள். ஏறி வந்து, போன வருஷம் உட்கார்ந்த அதே சீட்டில் உட்கார்ந்தாள். என் சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் இருந்தது. அதைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, நல்ல பிள்ளையாக ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரலில் மோதிரத்தைத் திருகிப் பார்த்தாள். லேசாகச் சுற்றியது.

"ஏங்க, இன்னைக்கு இப்பதான் எனக்குத் தாகம் எடுக்குது," என்றாள்.

நான் நர்ஸம்மாவைப் பார்த்தேன். கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று தலையசைத்துவிட்டு, பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை நீட்டினார். சீட்டுக்கு அடியிலிருந்த பாட்டிலை எடுத்து, ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். போதும் என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் குடி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லாமல் வாங்கி மூடினேன்.