தீட்டுக்கல்

சந்தனக் கல்லில் நாலு சொட்டுப் பாலை விட்டு, பெண்டாட்டியின் தாலிக் கயிற்றிலிருந்து கழற்றிய பொன்குண்டைச் சண்முகவேல் உரசிக்கொண்டிருந்தான். குண்டு நழுவிப் பாய்க்கு அடியில் ஓடியது. தேடி எடுத்து மறுபடியும் உரசினான்.

“போதுஞ் சாமி. வழிச்சு வாயில உடு” என்றாள் பக்கத்து வீட்டு மாரக்காள்.

அந்தத் தெருவில் யார் சாகக் கிடந்தாலும் மாரக்காள் தலைமாட்டில் இருப்பாள். உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் அது எந்த ஆசையால் என்று சொல்வதும் அவள்தான். முந்தின நாள் வயல் மண்ணைக் கரைத்து ஊற்றிப் பார்த்தாயிற்று. உழுதறியாத ஆசாரிக்கு மண்ணாசை ஏது, பொன்னாசைதான் என்று காலையில் முடிவு சொல்லிவிட்டாள்.

பாயில் கிடந்த நாச்சிமுத்து ஆசாரி பாலை விழுங்கவில்லை. கடைவாயில் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. நெஞ்சு மட்டும் ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சாலம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். தகப்பன் சாகும்போது மகள் நிற்கிற நிற்பு அல்ல அது. கொடியில் காயும் துணியை எடுக்கலாமா, மழை இன்னும் நேரமாகுமா என்று வானத்தைப் பார்க்கிறவள் மாதிரி நின்றாள்.

கிழவரின் கண் சுற்றி வந்து அவளிடம் நின்றது. உதடு அசைந்தது. சண்முகவேல் குனிந்து காதை வைத்தான்.

“மோதிரம்ங்கறாரு” என்றான் நிமிர்ந்து. “அக்கா, உன்ற மோதிரத்தைக் கேக்கறாரு.”

எந்த மோதிரம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கத் தேவையில்லை.

மற்ற ஊர் ஆசாரிகள் முத்திரை மோதிரத்தில் உருவத்தைப் பள்ளமாகக் கீறுவார்கள். நாச்சிமுத்து உருவத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பொன்னைச் செதுக்கி எடுப்பார். மோதிரத்தை அரக்கில் பதித்து வைத்து உளியை ஓட்டினால் சிங்கமோ தாமரையோ மெல்ல மேலே எழுந்துவரும். சேலத்திலிருந்தும் கரூரிலிருந்தும் பெரிய மனிதர்கள் அதற்காகவே நாமக்கல்லுக்கு வண்டி கட்டி வந்தார்கள். பட்டறையில் வேலை பெருகியபோது பனமரத்துப்பட்டியிலிருந்து தீர்த்தகிரி என்று ஒருவனைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். வேலை பிடித்துப்போய்ப் பெண்ணையும் கொடுத்தார். கொடுத்த கொஞ்ச காலத்திலேயே மருமகன் கை மாமனார் கையைத் தாண்டிவிட்டது. பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. எல்லோருக்கும் முந்தி நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது.

பெண்டாட்டிக்கென்று தீர்த்தகிரி ஒரு மோதிரம் செய்தான். முகப்பில் ஒரு காளை. முதுகில் உட்கார்ந்த ஈயை விரட்டக் கழுத்தைத் திருப்பியிருக்கும். நெல்மணி உயரந்தான் எழும்பி நிற்கும். ஆனால் திருப்பின பக்கம் கழுத்துத் தோல் மடிந்திருப்பதை விரலால் தடவினாலே உணரலாம்.

அந்த வருஷந்தான் கிழக்கேயிருந்து ஒரு மிட்டாதார், இருதலைப் பறவை செதுக்கித் தரும்படி பொன் கொடுத்தனுப்பினார். செய்து முடித்த மோதிரம் அவருக்குப் போயிற்று. செதுக்கி எடுத்த பொன்செதில் திரும்பிப் போகவில்லை. மிட்டாதார் இருவரையும் வரவழைத்துக் கேட்டார். நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு, “நான் தொடலீங்க. எல்லாம் மருமவன் வேலைங்க” என்றார். தீர்த்தகிரி மாமனார் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அவன் வலக்கையை ஆட்டுக்கல்லின் மேல் வைத்து உலக்கையால் இடித்தார்கள்.

கை கூடியது, கோணலாக. உளி நிற்கவில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாகப் போனான். மலைக்காய்ச்சல் கண்டு, தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள் அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்தபோது அவனுக்கு உயிர் இல்லை. அங்கேயே புதைத்துவிட்டு வந்துதான் சாலம்மாளுக்குச் சொன்னார்கள். அந்தத் தையில் நாச்சிமுத்து தன் மகன் சண்முகவேலுக்குக் காது குத்திப் புதுக் கடுக்கன் போட்டார்.

போக வேறு இடமில்லாமல் சாலம்மாள் அங்கேயே இருந்தாள். ஆக்கிப் போட்டாள், உலை ஊதினாள், கிழவர் எச்சில் வட்டிலைக் கழுவினாள். பெரிய இடத்து ஆட்கள் பட்டறைக்கு வந்தால் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: “சாலா, அந்த மோதிரத்தைக் கொண்டா.” கதவிடுக்கில் கையை நீட்டிக் கொடுப்பாள். வந்தவர்கள், “அடடா, ஆசாரி” என்பது அடுப்படி வரைக்கும் கேட்கும். கிழவர் தாழ்ந்த குரலில் என்னவோ சொல்வார். அது கேட்காது. தன் வேலை என்றுதான் சொல்லுவார், கேட்க வேண்டியதும் இல்லை என்று நினைத்துக்கொள்வாள். கை போயிற்று, உயிர் போயிற்று, இப்போது பேரும் போகிறது. ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிய வருஷம் ஒரு நாள், “தர முடியாதுங்க” என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. இன்றைக்குத்தான் கேட்கிறார்.

“அக்கா, காதுல உழுவுதா?” என்றான் சண்முகவேல்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து மோதிரத்தை எடுத்தாள். எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

“தாரேன். அதுக்கு முந்தி அவரு ஒண்ணு சொல்லோணும்.”

“என்னத்தைச் சொல்றது? பேசற நெலமையிலயா இருக்கறாரு?”

“மோதிரம்னு பேச வந்துச்சல்ல? அந்தச் செதிலு எங்க போச்சுன்னு சொல்லட்டும். மாரக்கா இருக்கறாங்க, உன்ற சம்சாரம் இருக்கறா. எல்லாருங் கேக்கச் சொல்லட்டும்.”

மாரக்காள் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். “அம்மிணி, சாவற மனுசங்கிட்டப் பழைய வழக்கைக் கொண்டுட்டு வரக் கூடாது.”

“சாவறதுக்கு முந்திதானுங்கக்கா கேக்க முடியும்.”

“உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?” என்றான் தம்பி. “எந்தச் செதிலு? எந்தக் காலத்துக் கதை?”

“உன்ற காதுல கெடக்கறது எந்தக் காலத்துதுன்னு அவருகிட்டக் கேளு.”

சண்முகவேலின் கை காதுக்குப் போனது. பாதியில் நின்று இறங்கியது. அவன் பெண்டாட்டி தலை குனிந்துகொண்டாள். வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். சாலம்மாள் பாய் அருகில் போய் உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க” என்றாள். “ஒரே வார்த்தை. நாந்தான்னு சொல்லுங்க. நானே ஒரசி வாயில ஊத்தறேன்.”

கிழவர் அவளைப் பார்த்தார். நினைவு தெளிவாகத்தான் இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டார்.

உச்சி வந்தது. இழுப்பு நிற்கவில்லை. மாரக்காள் ஈரத் துணியால் உதட்டை நனைத்தாள். சண்முகவேல் கெஞ்சினான். “இதுக்கப்பறம் இந்த ஊட்டுல உனக்குச் சோறில்ல” என்று மிரட்டினான். “ஆவட்டும்” என்றாள். கடைசியில் அவன் அவள் கையைப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தான். விரல்கள் பிரிந்தபோது உள்ளங்கையில் காளை குழியாகப் பதிந்து சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் ஏனோ பிடியை விட்டுவிட்டான்.

“நானே ஒரசறேன்” என்று எழுந்தாள் சாலம்மாள்.

பட்டறைக்குள் போய் வந்தாள். கையில் சந்தனக் கல் இல்லை. உளி தீட்டுகிற கல், சொரசொரவென்று கறுத்தது.

“அது தீட்டுக்கல்லு அக்கா.”

“தெரியும்.”

கிழவர் கண்ணுக்கு நேரே கல்லை வைத்தாள். மோதிரத்தை ஒரு தடவை அவர் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். “நல்லாப் பாத்துக்குங்க. இது உங்க கைக்கு வரவே வராது” என்றாள். பிறகு காளை அடியில் இருக்கும்படி கவிழ்த்துக் கல்லில் வைத்து அழுத்தினாள்.

“பின்பக்கம் ஒரசு” என்று பதறினான் சண்முகவேல். “உருவம் போயிரும்.”

அவள் உரசினாள். முழங்கையிலிருந்து, அரைக்கிற அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தவள் மாதிரி, முன்னும் பின்னுமாக. கறுப்புக் கல்லில் மஞ்சள் கோடுகள் விழுந்தன. திருப்பிப் பார்த்தாள். கொம்பு போயிருந்தது. மறுபடியும் உரசினாள். திமில் போயிற்று. பிறகு கழுத்து மடிப்பு.

கிழவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாயில் கிடந்த வலக்கை எழும்பி அவள் மணிக்கட்டைத் தேடியது. எட்டவில்லை.

“வேண்டாம்” என்றார். எல்லோருக்கும் கேட்டது. “வேண்டாஞ் சாலா.”

அவர் கண்ணில் நீர் தளும்பி நின்றது. எது போகிறது என்று அந்த அறையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொம்பின் வளைவை இப்படிப் பார்த்து அழ இனி உலகத்தில் வேறு ஆள் கிடையாது. கை ஒரு நொடி நின்றது. அப்புறம் இன்னும் அழுத்தி உரசினாள்.

முகப்பு வழுவழுப்பான பிறகு கல்லில் பாலை விட்டு வழித்துச் சங்கில் எடுத்தாள். மஞ்சளும் கறுப்பும் கலந்த பால். இடக்கையால் தாடையைப் பிடித்து ஊற்றினாள்.

“குடிங்க. இதையும் குடிங்க.”

விழுங்கினார். தொண்டைக் குழி ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் இரண்டு மூச்சு வந்தது. மூன்றாவது வரவில்லை.

“பொன்னாசை தீந்து போச்சு” என்றாள் மாரக்காள், கண்ணை மூடிவிட்டு. சண்முகவேல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். தெருப் பெண்கள் வந்து சாலம்மாளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் அவர்கள் இழுத்த பக்கம் அசைந்துகொடுத்தாள்.

பொழுது சாயப் பாடை புறப்பட்டது. வீட்டைக் கழுவி விட்டார்கள். அடுப்பு மூட்டக் கூடாத வீடு என்று மாரக்காள் சோறும் ரசமும் கொண்டுவந்தாள். சாலம்மாள் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பசித்தது.

“இன்னுங் கொஞ்சம் போடுங்கக்கா” என்றாள்.

மாரக்காள் அவளையே பார்த்துக்கொண்டு போட்டாள்.

அப்போதுதான் சேலத்துத் தோல் வியாபாரி ஜான் பாஷா வந்தார். புது மோதிரத்துக்குச் சொல்லிவிட்டுப் போக பஸ் ஏறி வந்தவர், தெருமுனையில் சாவுச் சேதி கேட்டு, குல்லாயைச் சரிசெய்துகொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். அவர் விரலில் நாச்சிமுத்து செதுக்கிய பிறை, மேலே எழும்பி மின்னியது.

“மொகத்தைப் பாக்கக் கொடுத்து வைக்கல” என்றார் மாரக்காளிடம். பிறகு சாலம்மாளைப் பார்த்து, “தீர்த்தகிரி ஆசாரி சம்சாரம் நீங்கதானேம்மா?” என்றார்.

அந்தப் பேரை அந்த வாசலில் வேற்று ஆள் சொல்லி அவள் கேட்டதில்லை. சோற்றில் இருந்த கை நின்றது.

“அவரை உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?”

“நான் பாத்ததில்லேம்மா. உங்க அய்யா சொல்லித்தான். முந்தியெல்லாம் வரப்ப ஒரு காளை மோதிரத்தை எடுத்துக் காட்டுவாரு. ‘பாத்துக்குங்க சாயபு, வேலைன்னா இது. எம் மருமவன் தீர்த்தகிரி கை. எனக்கு இது வரல, வரவும் வராது’ம்பாரு. யாரு வந்தாலும் அப்படித்தான் சொல்லுவாராம். சேலத்துல எங்க மண்டியில நாலு பேருக்கு அந்தப் பேரு தெரியும்.”

வேப்பமரத்தில் காக்கைகள் அடைந்துகொண்டிருந்தன. சாலம்மாள் வட்டிலைப் பார்த்தபடி இருந்தாள்.

“எங்ககிட்டச் சொன்னதில்லீங்க” என்றாள்.

ஜான் பாஷா மரத்தடியிலிருந்து வாசற்படிப் பக்கம் வந்தார். “கேக்கக் கூடாத நேரந்தான். அதை இன்னொரு தடவை கண்ணால பாத்துட்டுப் போலாமாம்மா?”

இடக்கையால் முடிச்சை அவிழ்த்து மோதிரத்தை வாசற்படியில் வைத்தாள். அவர் குனிந்து எடுத்தார். முகப்பைப் பார்த்தார். புகை படிந்திருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, தோள் துண்டின் நுனியால் துடைத்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

சாலம்மாள் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கையைக் கழுவினாள்.

மேற்கே, மலைக்கோட்டைக்குப் பின்னால், இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அவர் மோதிரத்தை அந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.