டொப்புவுக்கு ஒரே ஒரு ஸ்டார்

தங்கச் சுரங்கம் மூடிப்போன கோரமண்டலில் காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் சீட்டாடுவார்கள் அல்லது மேலதிகாரியைத் திட்டுவார்கள். இன்பராஜ் இதில் எதிலும் சேரமாட்டான். முன்பின் தெரியாதவர்கள் தன்னைத் திட்டி எழுதியதை போனில் படித்துக்கொண்டு போவான். சில நாள் சிரிப்பான், சில நாள் ஒயிட்ஃபீல்டு வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவனுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்து ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் டொப்பு. டொப்பு ஒரு பந்து. தலையில் சுரங்கத் தொப்பி, தொப்பியில் ஒரு விளக்கு, இப்போதுதான் தூங்கி எழுந்த முகம். போனில் அவனை உருட்டிப் பலகையில் ஏற்றி, கயிற்றில் தொங்கவிட்டு, பெட்டிகளைத் தள்ளவைத்து, கடைசியில் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றியிறக்கும் கூண்டான கேஜுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் கேஜ் மேலே போகும், அடுத்த லெவல் வரும். இதில் சங்கடம் என்னவென்றால் டொப்புவுக்கு உடம்பில் எடை உண்டு. பலகையின் ஓரத்தில் நின்றால் பலகை சாயும், வேகமாக ஓடினால் நிற்கத் தெரியாது, விழுந்தால் 'டொப்' என்று ஒரு சத்தம். இன்பராஜ் படிப்பு முடித்து பெங்களூரில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் சேர்ந்த புதிதில் ராத்திரி பகல் பாராமல் செய்த கேம் இது. ஒரு காலத்தில் எல்லார் போனிலும் உருண்டுகொண்டிருந்தான் டொப்பு. இப்போது அம்மாமார்களின் பழைய போன்களில் மட்டும் உருண்டுகொண்டிருந்தான்.

ஆனால் விளையாடுகிறவர்கள் கருத்துச் சொல்வதை நிறுத்தவில்லை. பந்து நின்ற பிறகும் ஒரு விரல்கடை வழுக்குகிறதே, இதைச் சரிசெய்ய கம்பெனியில் ஆளே இல்லையா என்று ஒருவர் கேட்பார். அந்த வழுக்கல்தான் அழகு, அதைச் சரிசெய்தால் கேமையே அழித்துவிடுவேன் என்று இன்னொருவர் மிரட்டுவார். இரண்டு கோஷ்டியும் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டிருந்தன. ஒருத்தர் பதினேழாவது லெவல் பலகையைத் தாண்ட முடியவில்லை என்று எழுத ஆரம்பித்தவர், நடுவில் தனக்குக் கல்யாணம் ஆனதையும் பிள்ளை பிறந்ததையும் அதே இடத்தில் எழுதிவிட்டார். பலகையை மட்டும் இன்னும் தாண்டவில்லை. இன்பராஜுக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஆனால் இத்தனை வருஷத்தில் தன் கேமுக்கு அவன் ஒரு ஸ்டாரும் போட்டுக்கொண்டதில்லை. பெற்ற பிள்ளைக்கு அப்பனே மார்க் போடுவதாவது என்று ஒரு வீம்பு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒரு புதன்கிழமை நளினி மேடம் அவனைக் கூப்பிட்டார். கம்பெனியில் எந்த கேம் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர். பங்காருபேட்டையில் பிறந்து வளர்ந்ததால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டக்கூடியவர். அன்றைக்குத் திட்டவில்லை, அதுவே இன்பராஜுக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. பழைய கேம்களையெல்லாம் போனில் இருக்கும் ஆப் கடையிலிருந்து இறக்கப்போகிறோம், டொப்புவையும்தான் என்றார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மீட்டிங்குக்குள் ரேட்டிங் நாலு ஸ்டாரைத் தாண்டினால் பேசிப் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். அப்போது அது நாலுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

வெளியே வந்தவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை. டொப்புவுக்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் மற்றவர்களின் கேம்களுக்குப் பட்டன் வைப்பதும், அந்தப் பட்டனின் நிறத்தை மாற்றுவதும், மாற்றிய நிறத்தைப் பழையபடி மாற்றுவதும்தான். இது நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள டொப்புவை விட்டால் அவனுக்கு உலகத்தில் வேறொன்றும் கிடையாது.

வீட்டில் டீனா விஷயத்தைக் கேட்டாள். அவன் பெண்டாட்டி எதற்கும் பதறாதவள். பிரீகேஜியில் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறவளுக்கு ஒரு பந்து எம்மாத்திரம்? இப்போது கருத்து எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், கடையில் புதுக் கருத்துக்குத்தான் மதிப்பு, ஒரு கூட்டம் எழுதினால் ரேட்டிங் சட்டென்று நகர்ந்துவிடும் என்று அவன் விளக்கியதும், நம் சுரங்க லைன் வீடுகளில் இல்லாத கூட்டமா என்றாள். இன்பராஜ் கூச்சப்பட்டான். நீ கூச்சப்பட்டுக்கொண்டே இரு, நான் சம்பங்கி பெரிப்பாவிடம் சொல்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சம்பங்கி சொன்னால் லைனே கேட்கும். சுரங்கம் ஓடிய காலத்தில் அவருக்கு ஷாஃப்ட் என்னும் ஆழக்குழியின் வாயில் மணியடிக்கும் வேலை. அவர் மணியைக் கேட்டுத்தான் எங்கோ அறைக்குள் உட்கார்ந்திருக்கும் இன்ஜின்காரர் கேஜை ஏற்றுவார், இறக்குவார். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும், தண்ணீர் வண்டி வந்தால் முன்னால் நின்று வரிசையை ஒழுங்குபண்ணுவது சம்பங்கிதான்.

மறுநாள் காலை ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த இன்பராஜை அவர் வழியில் மறித்தார். கையில் போன். அதில் டொப்பு.

"இன்னா இன்பு, உன் ஆட்டத்தை கீழ இறக்கப் போறாங்களாமே?"

"ஆமா பெரிப்பா. நீங்கல்லாம் மனசு வெச்சா மேல தூக்கிடலாம். அந்த ஸ்டாரை அடிக்கணும், அவ்ளோதான்."

"அடிச்சிடலாம். எத்தினி அடிக்கணும்?"

ரயில் ஊதிவிட்டது. உங்களுக்குத் தெரியாததா பெரிப்பா என்று கத்திக்கொண்டே இன்பராஜ் பிளாட்பாரத்தில் ஓடினான். எந்த வேலையையும் அரைகுறையாகச் சொல்லிவிட்டு ஓடாதே என்று டீனா அவனிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அவன் கேட்டதில்லை.

சம்பங்கி வேலையைக் கையில் எடுத்தால் அதில் ஒரு ஒழுங்கு இருக்கும். விளையாடாமல் யாரும் அடிக்கக்கூடாது, உழைக்காத ஷிஃப்ட்டுக்குக் கையெழுத்துப் போடுவது நம் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சுகளில் ரிட்டையர் ஆன ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து பந்தை உருட்டினார்கள். மாதா கோயில் பெண்கள் சங்கத்தை நடத்தும் மரியகுழந்தையம்மா சங்கத்தையே பந்தை உருட்ட வைத்தார். ஜெபக்கூட்டம் அரைமணி நேரம் தள்ளிப்போனது.

வெள்ளிக்கிழமை ரயிலில் உட்கார்ந்து ஆசையாக போனைத் திறந்த இன்பராஜுக்கு முதலில் கண்ணில்தான் கோளாறு என்று தோன்றியது. நாலைத் தாண்டவேண்டிய ரேட்டிங் மூன்றுக்கு வந்திருந்தது. கருத்துகளைத் திறந்தான்.

'ஆண்டவர் கிருபையால் ஆறாவது லெவல் முடிந்தது. பந்து தங்கமான பிள்ளை. எங்கள் சங்கத்தில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. இப்படிக்கு மரியகுழந்தை.' அதற்கு மேலே ஒரு ஸ்டார்.

'பந்து வழுக்குவது முற்றிலும் சரி. ஈரத்தில் எவனும் அப்படித்தான் வழுக்குவான். நானே வழுக்கியிருக்கிறேன்.' ஒரு ஸ்டார்.

'என் வீட்டுக்காரர் ரெண்டு நாளாய் இதையே நோண்டுகிறார், குழம்பில் உப்பில்லை என்று சொல்லவில்லை. கேம் செய்த பிள்ளை நல்லா இருக்கணும். சரோஜம்மா.' ஒரு ஸ்டார்.

இன்பராஜ் விரலை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அத்தனையும் பாராட்டு, அத்தனைக்கும் ஒற்றை ஸ்டார். எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று நினைத்தான். சனிக்கிழமை ரேட்டிங் இரண்டரைக்கு வந்தது. டொப்பு பலகை ஓரத்திலிருந்து உருண்டு விழும்போது எப்படி விழுவானோ அப்படித்தான் விழுந்தது. 'டொப்' சத்தம் மட்டும்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக சம்பங்கி வீட்டுக்குப் போனான். பெரியவரிடம் கோபப்படக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் போனான். வாசலிலேயே கோபம் வந்துவிட்டது. ஏன் எல்லாரும் ஒண்ணு போட்டீங்க என்று கேட்டான். பெரியவர் அவனை வினோதமாகப் பார்த்தார்.

"நீ தான ஏத்தணும்னு சொன்ன? நிக்கிற கேஜை ஏத்தறதுக்கு ஒரு மணி. எறக்கறதுக்கு ரெண்டு. நான் முப்பது வருஷம் அடிச்சது மறந்துடுமா?"

இன்பராஜ் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உள்ளேயிருந்து அவர் பெண்டாட்டி சரோஜம்மா காபி கொண்டுவந்து வைத்தார். அவன் குடிக்கவில்லை. பொறுமையாக, பிரீகேஜி பிள்ளைக்குச் சொல்வதுபோல, இந்த ஸ்டார் மணி இல்லை, பரீட்சை மார்க் மாதிரி, அஞ்சுதான் உசத்தி என்று விளக்கினான். இன்றைக்குள் எல்லாரையும் அஞ்சாக மாற்றச் சொல்லுங்கள், நாளைக்கு மீட்டிங் என்று கெஞ்சினான்.

சம்பங்கி போனைக் கையில் எடுத்தார். விரலை ஸ்டார்களின் மேல் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்திவிட்டார்.

"அஞ்சு வேணாம்டா இன்பு. எங்க ஷாஃப்ட்ல அஞ்சுன்னா ஆபத்து. அந்த மணிய கேட்டா லைன்ல இருக்கற பொம்பளைங்கல்லாம் அடுப்ப அப்படியே போட்டுட்டு ஓடியாருவாங்க. உங்க நைனா காலு போச்சே, அன்னிக்கு அடிச்சது நான்தான்."

இன்பராஜ் அப்போது சின்னப் பையன். அம்மா கையில் மாவோடு தெருவில் ஓடியது அவனுக்கு நினைவிருக்கிறது. அந்த மணியை அடித்தது யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பா உயிரோடு வந்தார், ஊன்றுகோலோடு இன்னும் இருபது வருஷம் இருந்தார், டொப்பு முதல் முறை போனில் உருண்டபோது பார்த்துச் சிரிக்கவும் செய்தார். ஒரு விளையாட்டுக்காக இந்த மனிதரை அஞ்சு அடிக்கச் சொன்னோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இருக்கட்டும் பெரிப்பா, ஒண்ணே இருக்கட்டும் என்றான். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தான். ஊர் முழுக்க வீடுவீடாகப் போய் நாலு போடச் சொல்லலாமே என்று டீனா யோசனை சொன்னபோதும் வேண்டாம் என்றுவிட்டான்.

திங்கட்கிழமை மீட்டிங்குக்குத் துக்க வீட்டுக்குப் போகிறவன்போல இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனான். நளினி மேடம் டொப்புவின் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டிருந்தார். ரேட்டிங் இரண்டு. அறையிலிருந்த சின்னப் பசங்கள் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்கள்.

"இது என்ன இன்பராஜ்? யார் இவங்கல்லாம்?"

மறைக்க இனி என்ன இருக்கிறது? எங்க லைன்காரங்க மேடம், நான்தான் எழுதச் சொன்னேன் என்றான். மணி விஷயத்தையும் சொன்னான். அஞ்சைப் பற்றியும் சொன்னான், அப்பாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல மேடம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு கருத்தாகச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தார். சரோஜம்மாவின் உப்பில்லாத குழம்பு வந்தபோது குரல் உடைந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். வெகு நேரம் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பசங்களைப் பார்த்தார்.

"நம்ம புது கேமுக்கு வர்ற அஞ்சு ஸ்டாரை நான் நம்பறதே இல்ல, எவனையாவது புடிச்சு போட வெச்சிருப்பீங்க. ஒரு ஸ்டார் போட்டு இப்படிப் புகழறதுக்கு யாரைப் புடிக்க முடியும்?"

அதோடு விடவில்லை. இன்னொரு படத்தைத் திரையில் கொண்டுவந்தார். அந்த வாரம் டொப்புவை விளையாடியவர்கள் எத்தனை நேரம் விளையாடினார்கள் என்ற படம். கோடு செங்குத்தாக மேலே ஏறியிருந்தது. ஒரு தடவை திறந்துவிட்டு ஸ்டார் போட்டுப் போனவர் ஒருத்தருமில்லை. உழைக்காத ஷிஃப்ட்டுக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. டொப்பு கடையிலேயே இருக்கட்டும், புது போன்களுக்கு ஏற்ற மாதிரி செய்துகொடுங்கள் என்றார் மேடம். அந்த வழுக்கலில் மட்டும் கைவைக்காதீர்கள் என்றும் சொன்னார்.

சாயங்கால ரயில் கோரமண்டலில் நின்றபோது சம்பங்கி பிளாட்பாரத்தில் காத்திருந்தார். அவர் முகத்தில் கவலை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று டீனா போனில் சொல்லியிருந்தாள்.

"இன்னாப்பா ஆச்சு? ஏறிச்சா?"

"ஏறிடுச்சு பெரிப்பா."

பெரியவர் நிமிர்ந்தார். இத்தனை நேரம் கவலைப்பட்டவர் அவர்தானா என்று சந்தேகம் வரும்படி நிமிர்ந்தார்.

"ஒண்ணு அடிச்சா ஏறாம இன்னா பண்ணும்? நீ தான் அஞ்சு, அஞ்சுன்னு குதிச்ச."

அவர் சொன்னதில் தப்பில்லையே. இன்பராஜ் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்து, இத்தனை வருஷமாகத் தொடாத அந்த இடத்துக்கு விரலைக் கொண்டுபோனான். சம்பங்கி எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார். இன்பராஜ் ஒரே ஒரு ஸ்டார் அடித்தான்.