ஆளில்லாத வீடு

காலை பதினொன்று நாற்பதுக்கு அந்த வீடு அவள் திரைக்கு வந்தது.

முகவரி கிடையாது. எந்த வீட்டுக்கும் கிடையாது. ஓர் எண், ஒரு வரைபடம், பதினெட்டுப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் முக்காலி மேல் கேமரா ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்கும். வீடு வாங்க நினைப்பவர் இருந்த இடத்திலிருந்தே புள்ளி புள்ளியாக நடந்து பார்ப்பார். அதற்கு முன் வீட்டைத் துடைத்து வைப்பது அவள் வேலை. கொடியில் தொங்கும் துணி, சுவிட்சைச் சுற்றிய கையழுக்கு, கண்ணாடியில் விழுந்த முக்காலி, ஆள். முக்கியமாக ஆள். விற்கிற வீட்டில் ஆள் இருக்கக் கூடாது.

கோப்பின் கீழே ஒரு குறிப்பு: வாடகைக்காரர்கள் இன்று மாலை காலி செய்கிறார்கள். அவசரம்.

கேமரா சுற்றும் இருபது நொடியும் அறையை விட்டு எல்லாரும் வெளியே போக வேண்டும். இந்த வீட்டில் ஒருவன் போயிருந்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேமரா அடுத்து வரப்போகிற அறைக்கே போயிருந்தான். கூடத்தில் கதவிடுக்கில் அவன் குதிகால். சமையலறையில் முழங்கை. பால்கனியில் பாதி முதுகு. பூனை முன்னால் ஓடும் எலி மாதிரி. அவள் சிரித்துக்கொண்டே குதிகாலை அழித்தாள். தரையின் வேறொரு சதுரத்தை எடுத்து அதன் மேல் ஒட்டினாள்.

பன்னிரண்டாம் புள்ளி படுக்கையறை. அலமாரிக் கண்ணாடியில் கதவுக்குப் பின்னாலிருந்து பாதி முகம். முகங்களை மெஷினே முதலில் மங்கலாக்கிவிடும். பாதி என்பதால் விட்டிருந்தது. வலது காதின் மேல் விளிம்பைக் காணோம். கண்ணாடி இடவலம் மாற்றும். படத்தைத் திருப்பிப் போட்டாள். இடது காது.

தம்பியை ஆறு வயதில் நாய் கடித்தது. ரத்தம் வழிய அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான்.

பின்னுக்குப் போகும் பொத்தானை நாலு முறை அழுத்தினாள். குதிகால் திரும்ப வந்தது.

ஏழு மாதத்துக்கு முன் சாப்பாட்டு நேரத்தில், மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வந்தவனிடம், அவள் சொன்னாள்: "நீ இருந்தாலும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான்." அவன் கையைக் கழுவினான். தட்டையும் கழுவி வைத்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். கொட்டிய சொல்லை அள்ள முடியவில்லை. போன் அன்றே அணைந்தது. வயசு வந்தவன், தானாகப் போனவன், தானாக வருவான் என்றது காவல் நிலையம். அழைப்பு மணி அடித்தால் அம்மா இன்னமும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நிற்கிறாள்.

அளவெடுக்கும் கருவியைத் திறந்தாள். ஜன்னல் உயரம் எடுக்க வைத்திருப்பது. கேமராவிலிருந்து கதவு வரை இழுத்தாள். இரண்டு மீட்டர் பதினான்கு. அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு எதுவும் இல்லை. இன்னொரு தரம் இழுத்தாள்.

திரையில் பால்கனிக்குப் போனாள். எதிரே ஆறுமாடிக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, ஒரு கடைப் பலகை. பலகை மங்கல். நின்றிருந்த வண்டியின் எண்ணும் மங்கல். மெஷின் அதில் மட்டும் குறை வைக்கவில்லை. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாள். வெயில் எந்த ஊரில்தான் விழவில்லை?

கூடத்தில் சுருட்டி வைத்த பாய்கள் ஐந்து இருந்தன. அடுப்படியில் ஒரே ஒரு பெரிய பாத்திரம்.

எழுந்து மூலையில் இருந்த கண்ணாடித் தடுப்பு அறைக்குப் போனாள். மேற்பார்வையாளரை எல்லாரும் முதுகுக்குப் பின்னால் ரூல்ஸ் என்பார்கள். அவருக்கும் தெரியும்.

"சார், இந்த வீட்டோட அட்ரஸ் வேணும்."

"என் மாமியார் வீட்டு அட்ரஸே எனக்கு மறந்துடுச்சு. போய் வேலையப் பாரும்மா."

"விளையாடல சார். என் தம்பி அதுல இருக்கான்."

"எதுல?"

"கண்ணாடில. ஏழு மாசமாத் தேடுறோம் சார். காது தெரியுது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு காத வெச்சா?"

"என் தம்பி காது சார்."

"போன வருஷம் ஒருத்தன் சித்தப்பா வீடுன்னு அழுது அட்ரஸ் வாங்குனான். மறுவாரம் அந்த வீட்டு பீரோ காலி. அதுலேர்ந்து எனக்கே காட்டறதில்ல. மேல எழுதிக் கேட்டா மூணு நாள் ஆகும்."

"போட்டோ எடுத்தவர்கிட்ட..."

"அவன் யாருன்னே நமக்குத் தெரியாது. எடுப்பான், ஏத்துவான், போய்டுவான்."

"சாயந்தரம் காலி பண்றாங்க சார். கால்ல வேணா விழுறேன்."

"விழுந்தா தூக்கி விடுவேன். அட்ரஸ் எங்கேர்ந்து வரும்?" குரலைத் தாழ்த்தினார். "ஒரு மணிக்கு லிங்க் போகணும். ஆள அழிச்சுட்டு அனுப்பு. முடியலன்னா சொல்லு, வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்."

இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாயாடி என்று பெயர்.

"என்னக்கா, ரூல்ஸ் கல்லுல நார் உரிச்சுக் குடுத்தாரா?"

இவள் திரையைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். வாயாடி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"லிங்க் யாருக்குப் போகுது? அந்த வீட்டுல இருக்கறவங்களுக்குத்தானே?"

ஆமாம். வீட்டைச் சுற்றிக் காட்டும் இந்த டூர் வெளியே போகுமுன் குடியிருப்பவர் போனுக்கு ஒரு இணைப்பு போகும். தங்கள் சாமான் எதுவும் தப்பாகத் தெரியவில்லையே என்று பார்த்து அவர்கள் சம்மதம் தர வேண்டும். இரண்டு மணி நேரம் திறந்திருக்கும்.

"பட்டன்ல எழுதுக்கா."

அலமாரி மேல், ஜன்னல் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் வைப்பார்கள். தொட்டால் 'தேக்கு', 'இரட்டைக் கண்ணாடி' என்று எழுத்து விரியும்.

"ரூல்ஸ் பாப்பாரே."

"படத்ததான் பாப்பாரு. பட்டன எவன் படிக்கறான்? போன மாசம் பாத்ரூம்ல 'கடல் தெரியும் பால்கனி'ன்னு போட்டுத் தொலைச்சேன். ரெண்டு நாள் அப்படியே கெடந்துச்சு."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

ஆனால் படத்தில் ஆள் இருந்தால் கோப்பு ரூல்ஸைத் தாண்டாது. படத்தை நகலெடுத்து வைக்கவும் வழியில்லை. அவள் போனே வாசலில் லாக்கருக்குள் இருந்தது.

குதிகாலை அழித்தாள். முழங்கையை அழித்தாள். அதன் மேல் ஓடு ஒட்டினாள். பால்கனியில் அவன் சட்டை முதுகில் ஒரு கிழிசலை யாரோ கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள். அதையும் அழித்தாள். படுக்கையறைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. முகம், கழுத்து, முடி. காதைக் கடைசியில் வைத்தாள். பிறகு அதன் மேலும் கதவின் மரத்தை இழுத்து விட்டாள். விளிம்பு தெரியாமல் வந்தது. பழகிய கை.

கண்ணாடி மேல் ஒரு வட்டம் வைத்தாள். எழுதினாள்: சுண்டு, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அக்கா. கீழே தன் எண்.

ரூல்ஸ் பதினெட்டுப் புள்ளிகளையும் தட்டித் தட்டிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு" என்றார்.

ஒன்று ஐந்துக்கு இணைப்பு போனது.

வரைபடத்தின் ஓரத்தில், பார்வையாளர்: 0. அடுத்த வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். ஒன்றரை. இரண்டு. ஐந்து பாய்கள். எவன் போனுக்குப் போனதோ. இரண்டே கால். சாமான் தூக்குகிறவன் இதையெல்லாம் திறப்பானா? இரண்டு நாற்பத்தாறு.

பார்வையாளர்: 1.

வரைபடத்தில் ஒரு நீலப்பொட்டு. வாசல். கூடம். கூடத்தில் ஒரு சுற்று. சமையலறை. மறுபடி கூடம். யாரோ அவசரமில்லாமல் நடந்தார்கள். பால்கனி. எழுந்துவிட்டாள். படுக்கையறை. பொட்டு நின்றது.

வட்டத்தைத் தொட்டவர் கணக்கில் இருந்த 0, 1 ஆனது.

"திறந்துட்டாங்கடி."

பொட்டு அசையவில்லை. இரண்டு ஐம்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு. பிறகு காணாமல் போனது. சம்மதம் என்று மேலே பச்சை விழுந்தது. கோப்பு அவள் திரையை விட்டு ரூல்ஸ் திரைக்குப் போனது.

அவள் லாக்கருக்கு ஓடினாள். "எங்கம்மா போற? பட்டன்ல என்ன எழுதி வெச்சிருக்க?" என்று ரூல்ஸ் பின்னாலேயே வந்தார். சாவி இரண்டு முறை தவறியது. போனில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு, எடுக்காமல் விட்டது. மூன்று மணிக்கு வந்தது. இப்போது மூன்று இரண்டு.

அழைத்தாள். மணி போயிற்று. நின்றது. மறுபடி அழைத்தாள். ஏழாவது மணியில் எடுத்தார்கள்.

இரும்புக் கட்டிலைத் தரையில் இழுக்கும் சத்தம். "அந்தப் பக்கம் புடி, அந்தப் பக்கம்" என்று தூரத்தில் ஒரு குரல். போனுக்குப் பக்கத்தில் மூச்சு மட்டும்.

"சுண்டு?"

மூச்சு.

"அக்காடா. வெச்சுடாத."

போனை வாங்கக் கையை நீட்டிய ரூல்ஸ் அப்படியே நின்றார்.

"வெச்சுடாத சுண்டு. நீ எங்கிட்ட பேச வேணாம். பக்கத்துல யாராவது இருந்தா போன அவங்ககிட்ட குடேன். எந்த இடம்னு மட்டும் கேட்டுக்கறேன்."