ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பெற்றோருக்கான மாத இதழ் ஒன்றிலிருந்து, 'குழந்தைகளின் வயதுக்கேற்ற மேடை நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று ஐந்நூறு சொல்லுக்குள் எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். 'முதலில் குழந்தையின் வயதைப் பாருங்கள்' என்று எழுதினேன். இரண்டாவது வாக்கியம் வரவில்லை. ஒரு வாரம் கழித்தும் வரவில்லை.

எனக்குத் தெரிந்தவர்களில் குழந்தைகளை நாடகத்துக்கு அழைத்துப்போய் நன்றாக மாட்டிக்கொண்டவர் ஒருவர்தான்: ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் பாடம் எடுக்கும் விஜயராணி டீச்சர். அவரிடம் நாலு குறிப்பு வாங்கி வரலாம் என்று போனேன். குறிப்பு கிடைக்கவில்லை, இது கிடைத்தது.

2

முதல் தொடக்கம்: 'காவிரி இரு கரையும் தொட்டு ஓடிய அந்தக் காலையில்—'

(அடித்துவிட்டேன். திருச்சிக் கதை என்றால் காவிரியில்தான் இறங்க வேண்டுமா? தவிர, அன்று ஆற்றில் மணல்தான் தெரிந்ததாம்.)

இரண்டாவது: 'நாற்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதால்—'

(இதுவும் சரியில்லை. முதலில் அழுதது ஒருத்திதான். மற்றவர்கள் துணைக்கு அழுதார்கள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். போன வருடம் விஜயராணி தன் ஒன்றாம் வகுப்பைப் புத்தூரில் ஓர் அரங்குக்கு நாடகம் பார்க்க அழைத்துப்போனார். விறகு பொறுக்கக் காட்டுக்குப் போகும் ஓர் அம்மா, வீட்டில் தனியாக இருக்கும் சின்னப் பெண், கதவைத் தட்டும் அரக்கன். டிக்கெட்டில் 'ஆறு வயதுக்கு மேல்' என்று போட்டிருந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு ஆறு ஆகிவிட்டது, மீதிப் பேருக்கு ஆகப்போகிறது, போதும் என்று நினைத்துக்கொண்டார்.

அரக்கன் வந்த சற்று நேரத்தில் ஷஹனாஸ் என்ற குழந்தை வீறிட்டாள். பின்னாலேயே மூன்று வரிசையும். அரக்கன், பாவம், வசனத்தை மறந்து நின்றுவிட்டான். விஜயராணி பாதி நாடகத்தில் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து, வேனில் ஏற்றி, ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார்.

தலைமையாசிரியை சகாயம்மாள் திட்டவில்லை. "அடுத்த வருஷமும் கூட்டிட்டுப் போங்க டீச்சர். ஆனா ஒரு பிள்ளை பயந்து அழுதாலும் அதோட நாடகத்துக்கு முழுக்கு. சரிங்களா?" என்றார்.

3

இந்த வருடம் அதே பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு. விஜயராணியும் அவர்களோடு மேலேறியிருந்தார். வந்திருந்தவை இரண்டு நாடகங்கள். ஒன்று முயல்களின் ஆட்டம்பாட்டம், 'மூன்று வயது முதல்'. மற்றொன்று போன வருடக் குழுவின் அதே அரக்கன். ஆசிரியர் அறையில் எல்லா ஓட்டும் முயலுக்கே விழுந்தது. விஜயராணியும் முயல் என்றே எழுதி, பெற்றோர் கையெழுத்துக்குச் சீட்டு அனுப்பினார்.

ஒரு சீட்டு மட்டும் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. ஷஹனாஸின் அப்பா ஜெகபர் சாதிக் மலைக்கோட்டைக்குக் கீழே, பெரிய கடை வீதியில் சின்னப் பிள்ளைகளுக்கான துணிக்கடை வைத்திருக்கிறார். விஜயராணி சனிக்கிழமை நேரிலேயே போனார். கல்லாவுக்குப் பின்னால் கவுன் குவியலுக்கு நடுவே ஷஹனாஸ் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க டீச்சர், உட்காருங்க. டீ சொல்லட்டுங்களா?" என்றார் ஜெகபர். டீ வந்தது. "எதுக்கு வேணா அனுப்புறேங்க. நாடகம் மட்டும் வேணாம். போன வருஷம் பாத்துட்டு வந்து மூணு மாசம் இவ தனியாப் படுக்கல."

"இந்தத் தடவை அரக்கனே கிடையாதுங்க. முயல்தான்."

கவுன்களுக்குள்ளிருந்து தலை நிமிர்ந்தது. "அரக்கன் வரமாட்டாரா?"

அந்தக் குரலில் இருந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம் என்று விஜயராணிக்கு உடனே தெரிந்துவிட்டது. "உனக்குத்தான் அவரப் பாத்தா பயமாச்சேம்மா?"

"அவரா? அவர் மீசை கழண்டு தொங்குச்சு டீச்சர். காமெடியா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அழுத?"

"அந்த அம்மாதான். கதவைச் சாத்திட்டுப் போனாங்கள்ல? லைட்டும் போயிருச்சு. இன்னும் வரவே இல்ல."

ஜெகபர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "இத எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ?"

"அரக்கன் பயமான்னுதான் அத்தா நீங்க கேட்டீங்க."

(இந்த இடத்தில், அந்தச் சமயம் ஷஹனாஸின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று ஒரு பத்தி எழுதிவைத்திருந்தேன். படிப்பவர் கண் கலங்கும், கதைக்கும் வசதி. ஆனால் அம்மா ஷரீபா அன்று வீட்டில் நிம்மதியாக நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை பயப்படுவதற்கு நாம் கண்டுபிடித்துக் கொடுக்கும் காரணம் தேவையில்லை. பத்தியை எடுத்துவிட்டேன்.)

விஜயராணிக்கு 'இன்னும்' என்ற சொல்தான் தைத்தது. கடைசிக் காட்சியில் அம்மா விறகுக் கட்டோடு திரும்பி வருகிறாள். அதற்கு முன்பே எல்லாரையும் எழுப்பி வெளியே கூட்டிவந்தது அவர்தான். இந்தப் பெண்ணுக்கு ஒரு வருடமாக அந்த அம்மா காட்டிலேயே இருக்கிறாள்.

டீயைக் குடித்து முடித்தபோது முயல்களை அவர் கைவிட்டிருந்தார்.

4

நாடகக் குழு அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒத்திகை பார்க்கும். விஜயராணி விஷயத்தைச் சொன்னதும், குழுவை நடத்துபவரும் அரக்கனாக நடிப்பவருமான பிராங்க்ளின் மீசை ஒட்டும் பசையைக் கீழே வைத்தார்.

"மீசையா தொங்குச்சு?" என்றார் முதலில்.

"அத விடுங்க. அம்மாவ நடுவுல ஒரு தடவையாவது காட்டக் கூடாதா?"

"எப்படிங்க டீச்சர் காட்டுறது? அரக்கனோட பின்பாதியே அவங்கதான். நாங்க மொத்தமே மூணு பேருங்க."

மூலையில் அரக்கனின் பின்னங்கால்களைத் தைத்துக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணு கையைத் தூக்கிக் காட்டினார். அவர்தான் அந்த அம்மா. "வேணும்னா உள்ள இருந்தே குரல் குடுக்கறேங்க. காட்டுலேருந்து கூப்புடுற மாதிரி."

"ஐயையோ! அரக்கன் அம்மாவ முழுங்கிட்டான்னுல்ல பிள்ளைங்க நெனச்சுக்கும்!" என்றார் விஜயராணி.

மூவரும் சிரித்து ஓய்ந்ததும் பிராங்க்ளின் சொன்னார்: "பயத்த மொத்தமா எடுத்துரச் சொல்லாதீங்க. எடுத்துட்டா பிள்ளைங்க எதத் தாண்டி வருவாங்க?"

"எடுக்கச் சொல்லலீங்க. தாண்டுற வரைக்கும் கையைப் பிடிச்சுக்க ஏதாவது குடுங்கன்னுதான் கேக்கறேன்."

கடைசியில் மூன்று விஷயம் முடிவாயிற்று. விளக்கு முழுக்க அணையாது. நாடகம் தொடங்குமுன் நடிகர்கள் மூவரும் முன்னால் வந்து, யார் யாராக வரப்போகிறோம் என்று பிள்ளைகளிடமே காட்டிவிடுவார்கள். வர விரும்பும் பெற்றோர் கதவோரம் உட்காரலாம்.*

சகாயம்மாள் கேட்டுவிட்டு, "முயல் இருக்க அரக்கன்கிட்டப் போறீங்க. உங்க பொறுப்பு" என்றார்.

"என் பொறுப்புதாங்க" என்றார் விஜயராணி.

* கட்டுரை கேட்டிருந்த இதழாசிரியர் இந்த மூன்றை மட்டும் அனுப்பியிருந்தாலே போதும் என்கிறார். தாமதமாகத்தான் சொன்னார்.

5

காலைக் காட்சி. முதல் வரிசையில் விஜயராணியும் ஷஹனாஸும், நடைவழிப் பக்கம் சகாயம்மாள், கதவோரம், சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தானும் வந்திருந்த ஜெகபர். வள்ளிக்கண்ணு முன்னால் வந்து, "நான்தான் அம்மா, நான்தான் அரக்கனோட வாலும்" என்று குனிந்து காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மேடையில் அந்தி வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. டீச்சரின் முந்தானை ஒரு சின்னக் கைக்குள் இறுகியது. "போயிரலாமாம்மா?" என்று விஜயராணி காதோடு கேட்டார். ஷஹனாஸ் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாமாம்.

(ஒரு வரைவில் அவள் மேடைக்கு ஓடி அரக்கனை விரட்டினாள். மிகையாக இருந்தது. இன்னொன்றில் டீச்சர் மடியில் தூங்கிப்போனாள். அது எனக்கு வந்த தூக்கம். இனி நடந்ததை மட்டும்.)

அரக்கன் மேடையை விட்டிறங்கி நடைவழியில் வந்தபோது அரங்கில் ஒரே ஒரு அலறல் கேட்டது. "இயேசுவே!" அலறியவர் சகாயம்மாள். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெகபர் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஷஹனாஸ் சிரிக்கவில்லை. அவள் மேடைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கதவு திறந்தது. விறகுக் கட்டோடு அம்மா வந்தாள்.

ஷஹனாஸ் நாற்காலி மேல் ஏறி நின்றாள். "எங்க போனீங்க இவ்ளோ நேரம்?"

அது நாடகத்தில் இல்லாத வசனம். வள்ளிக்கண்ணு குரல் வந்த திசையைப் பார்த்தார். விறகுக் கட்டை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, மேடை விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, ஷஹனாஸைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார்.

6

என்ன சொன்னார் என்று எல்லாரையும் கேட்டுவிட்டேன். 'வழி தவறிட்டேன், உன் குரல் கேட்டுத்தான் வந்தேன்' என்றார் என்கிறார் விஜயராணி. கதவோரம் இருந்த ஜெகபர், 'விறகு ஈரம்மா, காயுற வரைக்கும் நின்னேன்' என்றுதான் காதில் விழுந்தது என்கிறார். வள்ளிக்கண்ணுவுக்கே நினைவில்லை. அடுத்த வருட நாடகத்துக்கு இப்போதே அனுமதி கொடுத்துவிட்ட சகாயம்மாளிடம் அன்றைய காட்சியைப் பற்றி யாரும் பேச முடியாது.

ஆகவே அந்த வரியை நான் எழுதப்போவதில்லை. நேரம் கழித்து வீட்டுக்குள் நுழைந்த எல்லாரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கும். உங்களிடமும்தான். நீங்கள் சொல்லும் பதிலை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

"........................................"

ஒரே ஒரு நிபந்தனை. அதைக் கேட்டதும் ஏழு வயது ஷஹனாஸ் கொஞ்சம் யோசித்து, "சரி" என்று சொல்லி, நாற்காலியிலிருந்து இறங்கி உட்கார வேண்டும். ஏனென்றால் அவள் உட்கார்ந்துவிட்டாள்.