எழுபது வருஷக் கடிதம்

அறையில் ஆறு பேர் இருந்தார்கள்: கட்டிலில் கிடந்த தம்பி, அவன் மனைவி, மகள், போதகர், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ், கதவோரம் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த அண்ணன். ஏழாவதாக யாரும் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்கள் ஏராளம்.

போதகர் வாசிக்க ஆரம்பித்திருந்தார். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதிய கடிதம். உங்களுக்கு நன்மையைத்தான் நினைத்திருக்கிறேன் என்று கடவுள் சொல்லும் பதினோராம் வசனம். காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் எல்லோரும் பார்த்ததுதான். சபையார் அதையே சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் தொங்கியது.

பாதியிலேயே கட்டிலிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது.

“ஒரு வசனம் முன்னாடி போங்க பாஸ்டர்.”

“ஐயா?”

“பத்து. அங்கேர்ந்து வாசிங்க.”

என்ன வரப்போகிறது என்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. தம்பி இருபத்தாறு வருடம் வேதாகமக் கல்லூரியில் வரலாற்றுப் பின்னணி நடத்தியவன். யார் எந்த வசனத்தைச் சொன்னாலும், “யாருக்கு எழுதினது? எப்போ எழுதினது?” என்று கேட்காமல் விடமாட்டான். மாணவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயரே ‘யாருக்கு ஐயா’. இந்தப் போதகரும் அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்தான்.

போதகர் வாசிக்கவில்லை. பக்கத்தில் விரலை வைத்தபடி நின்றார்.

“எழுபது வருஷம் கழிச்சுத் திரும்பக் கூட்டிட்டு வர்றேன்னு இருக்கும்,” என்றான் தம்பி. “அதுவரைக்கும் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அங்கேயே கிடங்கன்னு அதுக்கு மேல இருக்கும். அந்தக் கடிதத்தக் கையில வாங்கினவங்கள்ல எத்தன பேர் ஊர் திரும்பியிருப்பாங்க?”



“கைக்குழந்தைங்க ஒண்ணு ரெண்டு போயிருக்கலாம்,” என்று அவனே சொன்னான். “எனக்கு அறுபத்து மூணு.”

“இப்போ எதுக்குங்க பாடம் நடத்துறீங்க?” என்றாள் மனைவி. “ஒரு ஆமென் சொல்லிட்டுப் படுங்களேன்.”

“எனக்கு வந்த கடிதமா இருந்தா உறையில என் விலாசம் இருக்குமே, பிள்ள.” சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரம் பிடித்தது. பிறகு, “எனக்குன்னு எழுதினது ஏதாவது இருந்தா வாசிங்க பாஸ்டர். அவசரமில்ல, தேடிப் பாருங்க,” என்றான்.

கேலியாகக் கேட்கவில்லை. போதகர் பக்கங்களைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். எங்கே நின்றாலும், யாருக்கு, எப்போது என்று அவர் படித்த பாடமே எதிரில் வந்து நின்றிருக்க வேண்டும். தாள் புரளும் சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தம் இல்லை.

அண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆலயத்தின் அடிக்கல்லில் இருப்பது அவருடைய தாத்தாவின் பெயர். மூன்று தலைமுறையாக முதல் வரிசை அவர்களுடையது. ‘சாகும்போது வசனத்தையே வேண்டாம்னுட்டானாம்’ என்று ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசைக்குப் பின்னால் முணுமுணுப்பது இப்போதே அவர் காதில் விழுந்தது.

“பாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார். “மருந்து மயக்கம். காலையிலேர்ந்து உளறிட்டுத்தான் இருக்கான்.”

நர்ஸ் நிமிர்ந்தாள். “நேத்தே மருந்த நிறுத்தியாச்சே ஐயா. வலிச்சாலும் பரவாயில்ல, தெளிவா இருக்கணும்னு அவர்தானே...”

“நீ உன் வேலையப் பாரும்மா.”

அண்ணன் முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். சாகக் கிடப்பவரின் வாக்குமூலத்தில் முதலில் கேட்கப்படுவது, அப்போது நினைவு தெளிவாக இருந்ததா என்பதுதான். இல்லை என்று ஒரு சாட்சி சொல்லிவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் தாள். அது தெரிந்துதான் சொன்னார்.

தம்பி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான்.

“அண்ணா,” என்றான்.

அவ்வளவுதான். போதகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடி, நினைவு தடுமாறும் சகோதரனுக்காக ஜெபித்தார். அண்ணன் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். அதன் பிறகு தம்பி இரண்டு முறை மனைவியிடம் தண்ணீர் கேட்டான். மகளிடம் சன்னலைத் திறக்கச் சொன்னான். கதவுப் பக்கம் திரும்பவில்லை. இரண்டேகால் மணிக்கு மூச்சு நின்றது.

மறுநாள் அடக்கம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. அச்சடித்துக் கொடுத்த அட்டையில் தம்பியின் படத்துக்குக் கீழே அதே பதினோராம் வசனம். அண்ணன்தான் அதைப் போடச் சொன்னார். வேதனையில் மனிதன் தன்னை அறியாமல் எதையெதையோ பேசுவான், கடவுள் அதைக் கணக்கில் வைப்பதில்லை என்று போதகர் பிரசங்கித்தார். முதல் வரிசைக்குப் பின்னால் யாரும் முணுமுணுக்கவில்லை.

கல்லறையிலிருந்து நடந்து வரும்போது மகள் பக்கத்தில் வந்தாள்.

“பெரியப்பா, அப்பா உளறினாங்களா?”

“செருப்புல சேறு, பாத்து வாம்மா,” என்றார்.

ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். சபைச் செயலாளர் கையில் கோப்பையுடன் நாலு பேருக்கு நடுவில் நின்றிருந்தார்.

“எவ்வளவு பெரிய படிப்பாளி! கடைசியில நினைவே தப்பிப்போச்சாம், பாவம். என்னென்னமோ உளறினாராம்.”

“யார் சொன்னா?” என்றார் அண்ணன்.

செயலாளர் திரும்பினார். “நீங்கதானே ஐயா பாஸ்டர்கிட்ட சொன்னீங்க?”

மகள் அங்கேதான் இருந்தாள்; போதகரும் இருந்தார். அண்ணன் கோப்பையை மேசைமேல் வைத்தார். சட்டையின் மேல் பொத்தான் போட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நான் சொன்னது பொய். மருந்து எடுக்கல. நினைவு தெளிவா இருந்தது. அவன் உளறல.”