வரவேற்பு மேடையிலிருந்து இறங்கிய மருமகள்

மருமகளுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் திரௌபதி ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தாள். "கம்ப்யூட்டர்ல மேப்பு போடற வேலை." பொய்யில்லை. விருத்தாசலத்துப் பாதாளச் சாக்கடைக்கு மேப்பு என்பதை மட்டும் விட்டுவிடுவாள். பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் ஆண்டாளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

வரவேற்பன்று சாயங்காலம் முதல் பந்தி பாதியில் இருக்கும்போது சமையல்காரர் தேவநாதன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"யம்மா, பாத்திரம் கழுவற எடத்துல தண்ணி எதுத்துக்கிட்டு வருது. இன்னும் கொஞ்ச நேரத்துல அடுப்பாண்ட வந்துடும். அடுத்த பந்தி போட முடியாது."

மண்டபத்து மேனேஜர் போன் போட்டதில் மாயவன் அடைப்பெடுக்கும் வண்டியோடு வந்தான். மருமகள் வேல்விழியோடு வேலை செய்கிறவன். கொல்லைப்புறம் முழுக்கச் சுற்றியும் சாக்கடைக் குழியின் மூடி அவன் கண்ணில் படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு வேல்விழியிடம் கேட்க நேரே மேடைக்குப் போனான்.

வேல்விழி போனில் மேப்பைத் திறந்து விரலால் பெரிதாக்கினாள். "பின்னால பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி வெச்சிருக்காங்கல்ல, அதுக்கு அடியில இருக்குது பாருண்ணே." சொன்னவள் அதோடு நிற்கவில்லை. மாலையைக் கழற்றி மாப்பிள்ளை தமிழ்ச்செல்வன் கையில் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள்.

திரௌபதி பதறிப் பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஆண்டாளும், ஆண்டாளுக்குப் பின்னால் பாதி மண்டபமும்.

நாற்காலிகளை நகர்த்தினால், மூடி அங்கேதான் இருந்தது. அதைத் திறந்து, நீளமான ஒயரின் நுனியில் சின்னக் கேமராவை மாட்டிக் குழாய்க்குள் தள்ளினான் மாயவன். அவன் கையிலிருந்த திரையை எட்டிப் பார்க்க ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். போட்டோ எடுக்க வந்தவர் என்ன நினைத்தாரோ, மணமக்கள் படம் ஓடிக்கொண்டிருந்த பெரிய டி.வி.யை வெளியே தூக்கி வந்து அதில் இணைத்துவிட்டார்.

வழுவழுவென்று பழுப்பு நிறத்தில் குழாயின் உள்பக்கம் தெரிந்தது.

"நம்மூரு பீங்கான் பைப்பு! பளபளப்பு கொஞ்சமும் போவல பாருங்க" என்றான் தமிழ்ச்செல்வன். அவன் பீங்கான் சூளையில் வேலை செய்கிறவன். கையில் இன்னும் மாலை.

"மெதுவா தள்ளுண்ணே. நிறுத்து, நிறுத்து!" என்றாள் வேல்விழி.

குழாயின் குறுக்கே ஏதோ மின்னியது. அதன்மேல் வாழையிலையும் சோறும் அப்பிக் கிடந்தன.

"அட, என் சாம்பார் கரண்டி!" தேவநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "போன முகூர்த்தத்துல காணாப்போனது. நீதான் எடுத்தேன்னு ஒவ்வொருத்தனையும் திட்டித் தீத்தேனே!"

கொல்லையே சிரித்தது. மாயவன் கொக்கிக் கம்பியை விட்டான். வேல்விழி டி.வி.யைப் பார்த்தபடி இடம் வலம் சொல்ல, இரண்டு முறை நழுவிய கரண்டி மூன்றாவது முறை மாட்டிக்கொண்டது. அது வெளியே வந்ததும் தேங்கியிருந்த தண்ணீர் கடகடவென்று இறங்கியது. கல்யாணக் கூட்டம் விசிலடித்துக் கை தட்டியது.

"ஏன் அண்ணி, இதான் மருமவ வேலையா?" என்று கேட்டாள் ஆண்டாள்.

திரௌபதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாண்டி. ஊரு சாக்கடை பூராவும் இவ போன்ல இருக்குது. ஒரு மனுசன உள்ள எறங்க வுடமாட்டா, தெரியுமா?" அவள் குரல் மண்டபத்து வாசல்வரை கேட்டது.

வேல்விழி கை கால் கழுவி வந்ததும் திரௌபதி அவளைத் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, இலையில் இரண்டு ஜாங்கிரியைத் தானே எடுத்து வைத்தாள்.

"அந்த மேப்புல நம்ம தெரு இருக்குதா கண்ணு?"

"இருக்குது அத்தை. இந்தா, இதான் நம்ம வூடு."

திரௌபதி போனை வாங்கி ஆண்டாள் பக்கம் திருப்பினாள். ஆண்டாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "பெண்ணாடத்துக்கும் மேப்பு போட எப்பம்மா வருவே?" என்றாள்.