எக்ஸ்ரே வரும்வரை

1

இந்தக் கதை என் அண்ணியின் வாயிலிருந்து பிடுங்கியது. உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றா இல்லையா என்று சொல்கிற டாக்டர் அவர். எலும்பு என்றால் மட்டும் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். ஒடிந்து கூடிவருகிற எலும்பும் ஸ்லைடில் புற்று மாதிரியே ஆட்டம் காட்டுமாம்.

2

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்—'

இப்படித்தான் முதலில் தொடங்கினேன். ஆனால் மழையும் இல்லை, மாலையும் இல்லை. வெயில் ஏறிய காலை, ஆய்வகம் முழுக்க, துணுக்குகள் கெடாமலிருக்க ஊற்றிவைக்கிற ஃபார்மலின் நெடி. பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணின் முழங்காலுக்கு மேலிருந்து எடுத்த துணுக்கு வந்திருந்தது. கூடவே வரவேண்டிய எக்ஸ்ரேயைக் காணோம். சர்ஜன் போனில் வந்தார்.

"மேடம், மோசம்தானே?"

"செல்லெல்லாம் மோசமாத்தான் இருக்கு. ஆனா படம் பார்க்காம சொல்ல மாட்டேன்."

"காலை எடுக்க வேண்டி வருமான்னு அவங்க அம்மா கேக்குறாங்க."

"அதுக்குத்தான் சார் படத்தைக் கேக்குறேன்."

படம் வந்தே ஆகவேண்டும் என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்— (இந்தக் கதையில் இது வேண்டாம். அடித்துவிட்டேன்.)

3

படத்தை அந்த அம்மாவே வீட்டிலிருந்து கொண்டுவந்தார். [சர்ஜனை வில்லனாக்கப் பார்த்தேன். பாவம், அவரும் பயந்துதான் போயிருந்தார்.]

"கொஞ்ச நாள் முன்னாடி படிக்கட்டுல விழுந்தா டாக்டர். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அண்ணி பிடிகொடுக்கவில்லை. புற்று இருக்கிற பிள்ளைகளும்தான் விழுகிறார்கள். "உக்காருங்கம்மா, பார்த்துட்டு வரேன்" என்றார்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எலும்பில் மெல்லிய விரிசல், அது கூடிவருகிறது, அவ்வளவுதான். மற்றதில் புற்று, மாதக்கணக்கில் மருந்து, காலைக் காப்பாற்றப் பெரிய ஆபரேஷன். இரண்டையும் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

"முதல் முடிவை எழுதறப்போ உனக்குச் சந்தோஷமா இருந்துச்சா?"

"ஆமா அண்ணி."

"எனக்கு அப்படி இருந்தா, ஸ்லைடை எடுத்து மறுபடியும் பார்ப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

5

படம் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும், அண்ணி சொல்லிவிட்டார். உங்களிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவர் வெளியே பெஞ்சில், பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். சர்ஜனும் வந்துவிட்டார். அண்ணியும் அவரும் சேர்ந்தே அந்த அம்மாவிடம் போகிறார்கள்.

நாம் இங்கேயே இருப்போம். நீங்கள்தான் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், கொஞ்சம் சாத்திவிடுங்கள்.